பாத்திரம் வருகிற திசை

எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் அருமைநாயகம் அண்ணாச்சியின் பிடரி தெரிகிறது. புதிதாக முடி வெட்டியிருக்கிறார், கத்தி ஓடிய இடத்தில் தோல் வெளுத்துக் கிடக்கிறது, காலரின் உள்விளிம்பில் கொஞ்சம் பவுடர் ஒட்டியிருக்கிறது. மகனைப் பார்க்கப் போவதற்காக முடி வெட்டிக்கொண்ட மனுஷன். அந்த மகன், ஆல்வின், நான் வேலைபார்க்கிற ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஜன்னலோர மேஜையில் கிடக்கிறான். இந்தக் கோயிலுக்குள் அது எனக்கு மட்டும் தெரியும். சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ் ஏட்டிடம், தெரிஞ்ச குடும்பம் சார், எங்க சபைதான், நானே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும், நல்லதாப் போச்சு, ஒம்ம வாயாலயே சொல்லும், எங்களக் கண்டாத்தான் ஜனங்க மாரடிக்க ஆரம்பிச்சிருதே என்றார். பைபாஸில் ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. போன் நொறுங்கிப்போயிற்று, பையில் ஒரு காகிதம் கிடையாது, பெயரில்லாமல்தான் வந்தான். நான் முகத்தைத் துடைத்தேன், எல்லோருக்கும் துடைக்கிறதுதான், ஈரத்துணி நெற்றியிலிருந்து இறங்கும்போது இடது புருவத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது, சின்னப் பிள்ளையில் இதே கோயில் மணிக்கயிற்றில் தொங்கி விழுந்து வாங்கிய தழும்பு. தழும்பு ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும். எத்தனையோ பேருக்கு இருக்கும். துணியை அங்கேயே வைத்துக்கொண்டு அப்படித்தான் நினைத்தேன், இது வேற ஆளு, வேற யாரோ பெத்த பிள்ள என்று, அப்படி நினைத்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது, வேறு யாரோ பெற்ற பிள்ளை என்றால் பரவாயில்லையா. மேலே துடைத்தேன். அவன்தான்.

சொல்லியிருப்பேன். கோயில் கேட்டுக்குள் நுழைந்ததும் சொல்லியிருப்பேன். அவர்தான் முந்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சிரித்தார், என்னைப் பார்த்து அவர் சிரித்து வருஷங்களாகிறது, "என்னடே ஏசுவடியான், டூட்டி முடிஞ்சு நேரா வாரியா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு" என்றார். ஆமா அண்ணாச்சி என்றேன். அடுத்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன், அண்ணாச்சி கொஞ்சம் இப்படி வாங்க, அவ்வளவுதான், அதற்குள் அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "இன்னைக்கு நானும் எடுக்கப்போறேன்டே" என்றார். திருவிருந்தைச் சொல்கிறார், அப்பமும் ரசமும் வாங்குவதை. "ஐயர்ட்டயும் சொல்லிட்டேன். போதும்டே, எத்தன நாளைக்குத்தான் வீம்பு பிடிக்கது. முடிஞ்ச ஒடனே அந்தப் பய ரூமுக்குப் போயி காதப் பிடிச்சி இழுத்துட்டு வரப்போறேன். காலைல போன் போட்டேன், அணைச்சு வச்சிருக்கான். ஞாயித்துக்கெழம அவன் எப்ப எந்திச்சான்? ஒங்க மதினி கோழிக்கு மசால் தடவி வச்சிட்டு ஒக்காந்திருக்கா, கோயிலுக்குக்கூட வரல." நான் என்ன சொன்னேன். நல்லது அண்ணாச்சி என்றேன். நல்லது. நல்லது என்று ஒரு மனுஷன் சொல்வானா. சொன்னேன். அவர் என் தோளைத் தட்டப்போய், தட்டாமல், கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனார், அதுகூட அவருக்குப் பழக்கம்தான், என் மேல் ஒரு கை பட வந்து திரும்பிப் போவது எனக்கும் பழக்கம்தான்.

ஐயர், எங்கள் சபைக் குருவானவர், பாவ அறிக்கை சொல்லிக்கொடுக்கிறார். சபை முழங்காலில் நிற்கிறது, எல்லாம் வெள்ளை, திருவிருந்து ஞாயிறென்றால் எங்கள் பெண்டுகள் வெள்ளைச் சேலைதான், எனக்கு வெள்ளை பிடிப்பதில்லை, என் இடத்தில் வெள்ளை என்றால் மூடுகிற துணி. முன்வரிசைகளைப் பார்க்கக்கூடாது. அவர் முழங்கால் போட்டிருக்கிறார், நெற்றி முன்பெஞ்சின் முதுகில் இருக்கிறது, தோள் லேசாக ஆடுகிறது, அழுகிறாரோ. இப்போது எழுந்து போய்ச் சொல்லலாம். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே குனிந்து போய், அண்ணாச்சி, வெளிய வாங்க. சொன்னால் என்ன ஆகும், அலறுவார், ஓடுவார், திருவிருந்து இல்லை, இரண்டு வருஷமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர் இன்றைக்கும் பீடத்துக்கு முன்னாலிருக்கிற கிராதியைத் தொடாமலே போனார் என்றாகும். மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்தக் கிராதிக்கு வரக்கூடாது என்பது எங்கள் ஆட்கள் விடாமல் பிடித்திருக்கிற ஒரே கட்டளை. பொய்ச்சாட்சி சொன்னவன் வருவான், வட்டிக்கு விடுகிறவன் முதல் ஆளாக வருவான், ஆனால் அண்ணன் தம்பி பேசாமல் இருந்தால், அப்பனும் மகனும் முகம் பார்க்காமல் இருந்தால், பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான், ஊரும் பார்த்துக்கொள்ளும். அப்படி உட்கார்ந்திருந்தவர் இன்றைக்கு மனசைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். சமாதானமாகிவிட்டேன் என்று ஆண்டவரிடம் இப்போது சொல்லிக்கொண்டிருப்பார். யாரோடு. சமாதானமாக வேண்டிய ஆள் அங்கே குளிரில் கிடக்கிறான். அப்படியென்றால் அவர் எடுப்பது செல்லுமா செல்லாதா. தெரிந்தே நான் அவரை எடுக்க விட்டால் அது வஞ்சனையா. தெரியாமல் எடுக்கட்டும், ஒரு வாய் எடுத்துவிட்டுக் கேட்கட்டும், பசித்த வயிற்றோடு சாவு வீட்டுச் செய்தியைச் சொல்லாதே என்பார்களே, ஆமாம், இதுவும் பசிதானே, நானும் பச்சைத்தண்ணீர் குடிக்காமல்தான் இருக்கிறேன், திருவிருந்து நாளில் டூட்டியில் டீகூடக் குடிப்பதில்லை, தலை கிறுகிறுக்கிறது, ஒருவேளை அதனால்தான் தைரியம் வரவில்லையோ, ஒரு டீ குடித்திருந்தால் கேட்டிலேயே சொல்லியிருப்பேனோ. இப்படியெல்லாம் சாக்குத் தேடுகிறது புத்தி.

சமாதானம் கொடுக்கிற நேரம் வருகிறது. ஐயர் கைகூப்பி உதவிக்காரருக்குக் கொடுக்கிறார், அவர் இறங்கி வந்து முதல் பெஞ்சுக்குக் கொடுக்கிறார், ஒருவர் கூப்பிய கையை மற்றவர் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கி, திரும்பி அடுத்தவருக்கு, அப்படியே பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரும். என் பெஞ்சில் என்னைத் தவிர ஆள் கிடையாது, எனக்கு முன்னால் இருக்கிறவர் திரும்பித் தள்ளி நின்று ஒரு கும்பிடு போடுவார், அதோடு சமாதானம் என்னிடம் முடிந்துவிடும். யாரையும் குறை சொல்லவில்லை, கையுறை போட்டுத்தான் வேலை, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவித்தான் வருகிறேன், ஆனாலும் எனக்கே இந்தக் கையைப் பார்த்தால் சில சமயம் வேறு யாருடைய கையோ போல இருக்கும். பாருங்கள், அண்ணாச்சி எழுந்துவிட்டார். பெஞ்சை விட்டு வெளியே வருகிறார். பின்னால் வருகிறார். என்னிடமா. இன்றைக்கு எல்லாரோடும் சமாதானமாகிவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார், அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன், ஆண்டவரே, வேண்டாம். கூப்பிய கையை நீட்டுகிறார். வாங்குகிறேன். சூடாக, மெத்தென்று, மோதிரவிரலில் கல்யாண மோதிரத்தோடு. "கை ஏன்டே ஐஸா இருக்கு?" என்கிறார். விட வேண்டும், ஒரு நொடி பிடித்தால் போதும், விடவேண்டும், விடமுடியவில்லை, என் விரல்கள் இறுகிக்கொண்டன, அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது, கண்ணில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆல்வின் எங்க ரூம் எடுத்திருக்கான் அண்ணாச்சி?" என்று கேட்கிறேன். எதற்குக் கேட்டேன். மடையன். மடையன். "துறைமுக ரோட்டுல" என்கிறார் மெதுவாக. கையை உருவிக்கொண்டு தன் இடத்துக்குப் போகிறார், போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆல்வின் என் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறான். ஒரே தடவை. கிராதி பிரசங்க மேடைப் பக்கம் தொடங்கித் தெற்குச் சுவரில் போய் முட்டுகிறது, சுவருக்கு அந்தப்புறம் கல்லறைத் தோட்டம். திராட்சரசப் பாத்திரம் எப்போதும் மேடைப் பக்கமிருந்து சுவரைப் பார்த்து வரும், ஒரே பாத்திரம், ஒருவர் வாய் வைத்ததும் ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். முன்னொரு காலத்தில் நானும் நடுவில்தான் முழங்கால் போட்டேன். ஒருநாள் எனக்கடுத்து இருந்த அக்கா பாத்திரம் வந்ததும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் குனிந்தாள். அவள் மேல் கோபமில்லை, வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதிலிருந்து நான் கடைசிப் பந்திக்குக் காத்திருந்து சுவரோரம் போய்விடுவேன், எனக்குப் பிறகு சுவர்தான், சுவருக்குக் கூச்சமில்லை. பந்திக்கு முந்து என்பார்கள், நான் பிந்தினேன், யாரும் சொல்லாமலே அது என் இடமாகிப் போயிற்று. அந்த ஞாயிறு பாத்திரம் எனக்கு இரண்டு ஆள் முன்னால் வரும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "கொஞ்சம் நவுருங்கண்ணே", எனக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஆல்வின் முழங்கால் போட்டான். நான் குடித்தேன். ஐயர் ஒரு கணம் தயங்கினார். அவன் குடித்தான். வெளியே வந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டே, "அண்ணே, ருசி ஒண்ணுதாண்ணே, நான் பாத்துட்டேன்" என்று கண்ணடித்தான். சிரிக்கத் தெரிந்த பையன். கேட்டருகே அவன் அப்பா பிடித்துக்கொண்டார், "ஏல, பொணந்தூக்கி வாய் வச்சதுலயால குடிச்ச? வீட்டுல ஒங்கம்மைக்கு ஒடம்பு சொகமில்லாம கெடக்கா, கூறு இருக்கால ஒனக்கு?" அவன் சத்தம் போடாமல்தான் கேட்டான், "அப்போ அது ரத்தம் இல்லையாப்பா? வெறும் திராட்சத் தண்ணியா?" அண்ணாச்சி கை ஓங்கினார். நான் மாமரத்துக்குப் பின்னால் நின்றேன். அதனால்தான் அவன் வீட்டைவிட்டுப் போனான் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு வீட்டுக்குள் ஆயிரம் இருக்கும், கடை இருக்கும், கல்யாணப் பேச்சு இருக்கும், ஆனால் அந்த வாரம்தான் போனான்.

மைக்கில் அப்பம் முறிகிறது. சின்னச் சத்தம்தான், காய்ந்த சருகை மிதித்த மாதிரி, இரண்டு ஸ்பீக்கரிலும் பெரிதாகிக் கோயில் முழுக்க முறிகிறது, அந்தச் சத்தத்துக்கு என் இடத்தில் வேறு அர்த்தம், எலும்பு. இது சரீரம் என்கிறார் ஐயர். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தை கிடையாது, பாடி என்பார்கள், பாடி வந்திருக்கு, பாடியை வாங்கிட்டுப் போங்க, நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவன்கூட வாசலில் நின்று பாடி எப்போ கிடைக்கும் என்றுதான் கேட்பான். ஆளில்லாத இரவுகளில் நான் இதைப் போட்டு உழப்பிக்கொண்டே இருப்பேன், ஏன் ஆண்டவர் என் வார்த்தையைத் தின்னுங்கள் என்று சொல்லவில்லை, என் உபதேசத்தை என்று சொல்லவில்லை, சரீரத்தை என்றார். மறுநாள் தன் உடம்பை யாரோ இறக்கி, துடைத்து, துணி சுற்றுவார்கள் என்று தெரிந்த ஒருவர் அதை உயிரோடிருக்கும்போதே பிட்டுக் கையில் கொடுத்துவிட்டார், இனிமேல் இதைத் தொட யாரும் கூசக்கூடாது என்று. எனக்கு அவ்வளவுதான் புரிகிறது. தப்பாகவும் இருக்கலாம். அந்தப் பந்தியில் உயிரோடிருப்பவர்களும் போனவர்களும் ஒரே வரிசை என்றும் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார், கிராதி சுவரில் முட்டி நிற்கவில்லை, அந்தப்புறமும் போகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படியென்றால். அப்படியென்றால் அப்பனும் மகனும் இனி உட்கார ஒரே ஒரு பந்திதான் பாக்கி, அது இது. கோழிக்குழம்புப் பந்தி கிடையாது. இதையும் நான் கெடுத்துவிடக்கூடாது. எடுக்கட்டும். எடுத்து எழுந்ததும் சொல்வேன். நிச்சயம் சொல்வேன்.

முதல் பந்தி எழுந்து போகிறது. பாடகர் குழு மெதுவாகப் பாடுகிறது. அண்ணாச்சி எழவில்லை. அடுத்த பந்தி. அவர் பெஞ்சிலிருந்து பக்கத்து ஆட்கள் எழுந்து அவர் முழங்காலைத் தாண்டிப் போகிறார்கள், அவர் எழவில்லை, பிடரி அசையவில்லை. என் கை, நான் பிடித்த பிடி, என் கேள்வி, அதுதான் அவரை உட்கார்த்தி வைத்திருக்கிறது, நான் கெடுத்துவிட்டேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார், கோயிலுக்குள் போனை எடுக்காத மனுஷன், மடியில் வைத்து ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அணைக்கிறார், உள்ளே வைக்கிறார். மணிக்கயிறு பக்கம் நிற்கிற கோயில் ஊழியர், கோயில்குட்டியார், கடைசிப் பந்திக்குக் கையைக் காட்டுகிறார். நாலைந்து பேர்தான் மிச்சம், மெதுவாக நடக்கிற கிழவர்கள், நான். அப்போது எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நடுவில் இடமிருக்க, யாரையும் பார்க்காமல், நேரே தெற்குச் சுவரோரம் போய் என் இடத்தில் முழங்கால் போட்டார். இரண்டு வருஷம் விலகி இருந்தவன் கடைசியில் இருப்பதுதான் முறை என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு எங்கே இடம். அவருக்கு அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் போனால் பாத்திரம் முதலில் எனக்கு, பிறகு அவருக்கு. போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிடலாம். எழுந்ததும் அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். போகிறேன். அவர் பக்கத்தில் முழங்கால் போடுகிறேன், மரக் கிராதி பலபேர் கை பட்டு வழுவழுவென்று இருக்கிறது, அவர் மூச்சு கேட்கிறது, அவருக்கு என் லோஷன் வாசம் அடிக்கும். அப்பம் வந்தது. உள்ளங்கையில் வைத்தார் ஐயர், நாக்கில் ஒட்டிக்கொண்டது, காய்ந்த வாய், கரையவில்லை. பாத்திரம் வருகிறது. கிழவர் ஒருவர், அடுத்தவர், துணி விளிம்பைத் துடைக்கிறது. குடிக்காமல் தலையை மட்டும் குனிந்துவிடலாம், அந்த அக்கா மாதிரி, அவர் நிம்மதியாகக் குடிப்பார், ஒருநாள் நான் குடிக்காவிட்டால் என்ன குறைந்துவிடும், அவர் வெறுத்து மூடிக்கொண்டால் இரண்டு வருஷமும் இந்தக் காலையும் வீண், உதட்டை மூடு, மூடு. கொஞ்சம் நவுருங்கண்ணே. பாத்திரம் என் முகத்தருகே, உள்ளே கறுப்பாக அசைகிறது, விளக்கு அதில் உடைந்து உடைந்து சேர்கிறது. குடித்தேன். இனிப்பும் புளிப்பும். ஒட்டியிருந்த அப்பம் இறங்கிற்று. ஐயர் துடைத்தார், அன்றைக்குப் போலவே ஒரு கணம் தயங்கினார், அண்ணாச்சியிடம் நீட்டினார். நான் கிராதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரத்தைத் தன் கையால் பிடித்து இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது, மோதிரம் வெள்ளியில் உரசிற்று. விழுங்குகிற சத்தம். ஒரு வாயல்ல, இரண்டு.

மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் எழவில்லை, நானும். பீடத்தில் ஐயர் மிச்சத்தைக் குடித்து, தண்ணீர் விட்டு அலசி, அலசிய தண்ணீரையும் குடிக்கிறார், ஒரு சொட்டு தரையில் விடக்கூடாது. இப்போது சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன்.

"ஏசுவடியான்."

"அண்ணாச்சி."

"நீ யார் பக்கத்துலயும் வந்து முட்டுக்கால் போடமாட்டியே." சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார். "இத்தன வருசமா ஒருத்தர் பக்கத்துலயும் நீ வந்ததில்லையே."

நான் இரண்டு கையையும் கிராதியின் மேல் வைக்கிறேன்.

"அவன் ஒங்கிட்டயா இருக்கான்?"

"ஆமா அண்ணாச்சி."

பாட்டு முடிந்துவிட்டது. யாரோ இருமுகிறார்கள். மெழுகுவர்த்தியை அணைக்க வந்த கோயில்குட்டியார் எங்களைப் பார்த்து அணைக்காமல் நிற்கிறார். அலறுவார் என்று நினைத்தேன். அவர் கிராதியைப் பிடித்திருந்தார், நகம் வெளுத்திருந்தது.

"ஒத்தையிலயா கெடந்தான்?"

"இல்ல அண்ணாச்சி. கொண்டுவந்ததுல இருந்து நான் கூடவே இருந்தேன்."

"மொகம்..."

"மொகம் நல்லா இருக்கு. தொடச்சேன். நாந்தான் தொடச்சேன்."

"இந்தக் கையாலயா?"

கிராதியின் மேல் கிடந்த என் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கூசிப்போய் நான் இழுத்துக்கொள்ளப் போனேன், விடவில்லை, இரண்டையும் சேர்த்து எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார், சமாதானம் கொடுக்கிற மாதிரி, வாங்குகிற மாதிரி. இப்போது என் கையைவிட அவர் கை குளிர்ந்திருந்தது.